முதியோர் சிறுநீரில் கிருமியும் நோய் நிர்ணயமும்

விருத்தாப்பியத்தில் தளர்ந்து, பிறர் கைத்தாங்கலில் நாளைக் கழிக்கும் ஒருவர் திடீரென்று சித்தம் கலங்கிப் பிதற்றினாலும், இரண்டு வேளை உணவை மறுத்தாலும், உடனே சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், அதில் கிருமி தென்பட்டவுடன் சிறுநீர்ப்பாதைத் தொற்று என்று தீர்மானித்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேரூன்றிய வழக்கம். அது பிழையான அனுமானத்தின்மீது நிற்கிறது என்பதும், அதனால் விளையும் கேடு சாமானியமானதன்று என்பதும் என் துணிபு.

1956-இல் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் காஸ், ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியா என்ற எல்லையை வகுத்தபோது, வெளியிலிருந்து கலந்த கிருமியையும் மூத்திரப்பையிலேயே பெருகிய கிருமியையும் பிரித்தறிவதே அவர் நோக்கமாயிருந்தது. கிருமி உண்டு என்பதற்கு அந்த எண் சாட்சி. நோய் உண்டு என்பதற்குச் சாட்சியன்று. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களில் 100-க்கு 25 முதல் 50 பேரும், ஆண்களில் 15 முதல் 50 பேரும் யாதோர் உபாதையுமின்றியே கிருமியைச் சுமந்திருக்கிறார்கள். சிறுநீரை வடிக்க நெடுநாள் கதீட்டர் குழாய் வைத்தவர்களிலோ ஏறக்குறைய எல்லோருமே. இவர்களுள் பெரும்பாலோரின் சிறுநீரில் வெள்ளணுக்களும் காணப்படுவதால், சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டையின் நிறம் மாறுவதும் நோயை நிரூபிப்பதில்லை. கனடாவில் லிண்ட்சே நிக்கோல் குழுவினர் 1983-இல் ஆண்களிடமும் 1987-இல் பெண்களிடமும் செய்து வெளியிட்ட ஆய்வுகளில், அறிகுறியற்ற கிருமிக்குச் சிகிச்சை அளித்ததால் ஆயுள் நீடித்ததாகத் தெரியவில்லை. பெண்களிடமோ, மருந்தின் தீய விளைவுகளும் மருந்துக்கு அடங்காத கிருமிகளுமே மிகுந்தன.

கவனியாது விட்டால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே அபாயமாகாதா, தன் வலியைச் சொல்லவும் இயலாதவரிடம் வேறு எதை நம்புவது என்ற ஆட்சேபம் நியாயமானதே. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, இரத்த அழுத்தம் சரிந்தாலோ, மூத்திரம் கழிக்கையில் புதிதாக எரிச்சலும் விலாவில் வலியும் தோன்றினாலோ தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில் விவாதமில்லை. இவை ஒன்றும் இன்றிச் சித்தக் கலக்கம் மட்டுமே காணும்போது, வேறு காரணங்களை ஆராய்ந்து உன்னிப்பாகக் கவனித்திருப்பதே மேல் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி கூறுகிறது.

அக்காரணங்கள் கட்டிலருகிலேயே கிடக்கின்றன. பல நாள் மலச்சிக்கலால் மூத்திரம் அடைபட்டிருக்கலாம். தூக்கத்துக்கென்று முந்திய இரவில் புதிதாகத் தந்த மாத்திரை மூளையை மயக்கியிருக்கலாம். கழிவறைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லையே என்று அஞ்சி நாளெல்லாம் தண்ணீரைத் தவிர்த்ததால் நாக்கு உலர்ந்திருக்கலாம். கிருமி உண்டு என்ற அறிக்கை வந்த கணமே இவற்றைத் தேடும் முயற்சி நின்றுவிடுகிறது. இடையில் யாரோ பரிவுடன் தண்ணீர் புகட்ட, மூன்றாம் நாள் புத்தி தெளிந்தால் அந்தப் பெருமையும் மருந்துக்கே போய்ச் சேருவதால், பிழையான நிர்ணயம் அனுபவ உண்மையாகவே மருத்துவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. எனவே, உடலைத் தொட்டுப் பார்த்து, மருந்துச் சீட்டைப் புரட்டி, உடனிருந்து பராமரிப்பவரை விசாரித்த பின்னரே சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதுவது என்பதை ஒவ்வோர் இல்லமும் விதியாகக் கொள்ள வேண்டும்.