பெட்டியடியும் நடப்பு வட்டியும்

சிவகங்கைச் சீமையில் காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் காண வருவோர், பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களையும் நிலைகளையும் வியந்து, அவற்றை நிறுத்திய செல்வத்தைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றி, அச்செல்வம் திரண்ட தொழிற்கூடத்தைப் பற்றி விசாரிப்போர் அரியர். நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் அதனைக் கிட்டங்கி என்றனர்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் அக்கரைச் சீமையின் பிற நகரங்களிலும் இருந்த கிட்டங்கி ஒரு நீண்ட கூடம். அதன் இருமருங்கிலும் பாய் விரித்து, மேசைப்பெட்டியை முன்னும் அலமாரியைப் பின்னும் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டுப் பேரேடு எழுதிய மேலாட்கள் ஒரே முதலாளியின் ஊழியர் அல்லர். விலாசம் எனப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் முதல் வேறு, லாபம் வேறு. லேவாதேவியில் போட்டியாளரான அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, ஒரே சமையற்கட்டில் உண்டு, இரவில் அங்கேயே படுத்து எழுந்தமையால், பெட்டியடி எனப்பட்ட அவ்விருக்கைகளுள் ஒன்றில் கடன் மறுக்கப்பட்டவனின் யோக்யதை அடுத்த பெட்டியடிக்குத் தெரியாமல் போவதில்லை. இத்தகைய சகவாசத்தை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தி உண்டாக்கியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

தொழில் கற்ற விதமும் அக்கூடத்துக்கு உரியதே. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன், வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளானான். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் புதிதாக வந்தவரிடம் கணக்கையும் கடனாளிகளையும் ஒப்புவித்து ஊர் திரும்புவது வழக்கம்.

எனினும் கூட்டுறவின் சிகரம் இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடிய கூட்டமே. முருகன் சந்நிதி இருந்த அவ்விடத்தில் விலாசதாரர்களின் பிரதிநிதிகள் கூடி, பணத்தின் வரத்தையும் தேவையையும் ஆராய்ந்து, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒருவர் கையில் முடங்கிய ரொக்கம் அன்றே மற்றொருவர் தேவைக்குப் பாய்வதற்கு அந்த ஒரே விகிதம் வழி செய்தது. இளையாத்தங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களால் பிணைக்கப்பட்ட சமூகத்தில் சொல் தவறியவனுக்கு ஒதுங்க இடமில்லாதிருந்தமையே அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பிணை.

ஆனால் அந்தச் சபையில், அவர்களிடம் கடன் வாங்கிய பர்மிய உழவனுக்கு ஆசனமில்லை. அவன் மீது விழும் வட்டிக்கு அடிப்படையை அவனறியாமல் வகுத்த அவ்வொற்றுமை, 1930க்குப் பின் நெல் விலை சரிந்தபோது இரு தரப்பாரையும் காக்கவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே செட்டியார் வசமிருந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகவே திரும்பியதால் 1937க்குள் அது 25 ஆயிற்று. நிலமிழந்தவனின் துவேஷத்தையும், விற்க இயலாத வயல்களையும் சுமந்திருந்த நகரத்தார், 1942இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, பேரேடுகளில் எழுதியிருந்தவற்றை வசூலிக்க வழியின்றி ஊர் திரும்பினர்.