வரையத்தக்க ஒழுங்குப் பல்கோணம்

வடிவவியலில், வரையத்தக்க ஒழுங்குப் பல்கோணம் என்பது கவராயம், நேர்விளிம்பு ஆகிய இரு கருவிகளை மட்டும் கொண்டு துல்லியமாக வரையக்கூடிய ஒழுங்குப் பல்கோணம் ஆகும். நேர்விளிம்பு என்பது அளவுக்குறிகள் இல்லாத அளவுகோல். பாகைமானிக்கு இங்கு இடமில்லை. சமபக்க முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் ஆகியவற்றை இவ்வாறு வரையலாம். எழுகோணத்தை வரைய இயலாது. ஆனால் பதினேழு பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை வரைய இயலும்.

கிரேக்கர் காலம்

ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்த யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் நான்காம் பகுதியில் ஐங்கோணம், அறுகோணம், பதினைங்கோணம் ஆகியவற்றின் வரைமுறைகள் உள்ளன. வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு வில்லிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை இருசமக் கூறிட்டால் பதினைந்தில் ஒரு பங்கு கிடைக்கும். வில்லை இருசமக் கூறிடலாம் என்பதால், வரையத்தக்க எந்தப் பல்கோணத்தின் பக்க எண்ணிக்கையையும் இரட்டிப்பாக்கலாம். இதற்கு அப்பால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முன்னேற்றம் ஏதுமில்லை.

எழுகோணத்திற்குத் தோராய முறை ஒன்று உண்டு. வட்டத்தினுள் வரைந்த சமபக்க முக்கோணத்தின் பாதிப் பக்கத்தை எழுகோணத்தின் பக்கமாகக் கொள்வதே அது. பிழை ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான். எனினும் 10 செ.மீ ஆரமுள்ள வட்டத்தில் ஏழு முறை குறித்த பின் தொடக்கப் புள்ளிக்கு 1.3 மி.மீ அளவு குறைவாகவே நிற்போம். கூரிய பென்சில் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காஸின் கண்டுபிடிப்பு

1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், செருமானியக் கணிதவியலாளர் கார்ல் பிரீட்ரிக் காஸ் பதினேழுகோணி வரையத்தக்கது எனக் கண்டார். அவரது கணித நாட்குறிப்பின் முதற் பதிவு இதுவே. முழு விளக்கம் 1801இல் வெளியான அவரது எண்கோட்பாட்டு நூலின் இறுதிப் பகுதியில் உள்ளது.

கவராயமும் நேர்விளிம்பும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய செயல்களை மட்டுமே செய்ய வல்லவை. 1இன் பதினேழாம் படிமூலங்களுள் 1ஐ நீக்கினால் 16 எஞ்சும். காஸ் இவற்றை எட்டெட்டாக இரு குழுக்களாகப் பிரித்தார். இரு குழுக்களின் கூடுதல்களையும் கூட்டினால் −1, பெருக்கினால் −4. ஆகவே அவை ஓர் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகள்; √17 இங்குதான் தோன்றுகிறது. எட்டை நான்காகவும், நான்கை இரண்டாகவும் பிரிக்கும்போதும் இருபடிச் சமன்பாடுகளே வருகின்றன. எழுகோணத்தில் எஞ்சுபவை 6. அதன் காரணியான 3 ஒரு முப்படிச் சமன்பாட்டைக் கொணர்கிறது. அதனை வர்க்கமூலங்களால் தீர்க்க இயலாது.

பொது விதி

பக்கங்களின் எண்ணிக்கை 2இன் அடுக்காகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ, இவ்விரண்டின் பெருக்கமாகவோ இருந்தால் மட்டுமே பல்கோணம் வரையத்தக்கது. வரைய இயலாத பகுதிக்குக் காஸ் நிறுவல் வெளியிடவில்லை. பிரான்சின் பியர் வான்ட்செல் 1837இல் அதனை வெளியிட்டார். இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. அடுத்த ஃபெர்மா எண் 641ஆல் வகுபடும் என்பதை 1732இல் ஆய்லர் காட்டினார்.

ஒரே ஃபெர்மா பகா எண் இருமுறை வரக்கூடாது. ஆதலால் நவகோணம் (3×3) வரையத்தக்கதன்று. 360இலும் 9 காரணியாக இருப்பதால் 1° கோணத்தை இக்கருவிகளால் வரைய முடியாது. 120 = 8×3×5 என்பதால் 3° கோணத்தை வரையலாம்.