கத்தக்குரி: பூ மறைந்தும் மறையாத பெயர்



சப்பானிய மளிகைப் பொருள்கள் விற்கும் கடைகளில் 'கத்தக்குரிக்கோ' எனும் வெண்மாவுப் பொட்டலத்தைக் காணலாம். குழம்பைக் கெட்டியாக்கவும், கோழியிறைச்சியைப் புரட்டிப் பொரிக்கவும் உதவும் மாவு அது. 'கோ' என்பதற்கு மாவு என்று பொருள். ஆகவே, அது கத்தக்குரியின் மாவாக இருத்தல் வேண்டும். ஆனால், உள்ளே இருப்பதோ பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவு! இஃது ஏமாற்று வேலையன்று. ஒரு காட்டுப்பூவின் நெடிய வரலாறு இப்பெயருள் அடங்கியிருக்கிறது.

கத்தக்குரி என்பது லில்லிக் குடும்பத்தைச் சார்ந்த சிறுசெடி. ஆண்டு முழுவதும் பச்சைமாறாக் காடுகளையே கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இதன் வாழ்க்கைமுறை வியப்பளிக்கும். குளிர்காலத்தில் இலையுதிர்த்த மரங்கள் மீண்டும் துளிர்ப்பதற்குள் தரைக்கு வெயில் கிட்டும் சில கிழமைகளே இதற்குரிய காலம். அதற்குள் இலைவிட்டு, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒற்றைப்பூவைத் தலைகவிழ்த்துப் பூத்து, விதையும் தந்துவிட்டு மண்ணுக்குள் மறைந்துவிடும். விதைகளை எறும்புகள் சுமந்து செல்கின்றன. முளைத்த விதை முதற்பூவைக் காண ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

சப்பானின் பழம்பெரும் பாடல் தொகுப்பாகிய 'மன்யோசூ' ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்டது. எத்சூ நாட்டின் ஆளுநராக இருந்த ஓத்தொமோ நோ யக்காமோச்சி, 750ஆம் ஆண்டில் கோயிற் கிணற்றடியில் நீர்மொள்ளும் இளம்பெண்களையும் அங்குப் பூத்திருந்த இம்மலரையும் சேர்த்துப் பாடினார். 'கத்தக்ககோ' என்பது அதன் அன்றைய பெயர். அத்தனை பாடல்களில் இம்மலர் இடம்பெறுவது இவ்வொன்றில் மட்டுமே. தொண்ணூற்றொன்பது பூக்களை ஒரே பாட்டில் அடுக்கிய கபிலரைப் படித்த நமக்கு இந்தச் சிக்கனம் புதுமையாகத் தோன்றலாம்.

மலைவாழ் மக்களுக்கோ இது பாட்டைவிட உணவாகவே பயன்பட்டது. இளந்தளிரை வேகவைத்து உண்டனர். மண்ணின் ஆழத்தில் இருக்கும் சிறுகிழங்கைத் தோண்டியெடுத்து இடித்து, நீரில் கரைத்து வடிகட்டித் தெளியவைத்தால் அடியில் வெண்மாவு படியும். அதனை உலர்த்தி வைத்துக்கொண்டு, வயிற்றுப்போக்கால் வாடுவோர்க்கும் நோயில் மெலிந்தோர்க்கும் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தனர். நம் பாட்டிமார் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி கொடுத்ததைப் போன்றதே இது. கிழங்கு சிறியது, தோண்டும் உழைப்போ பெரியது. ஆதலால் மாவு அரும்பொருளாகவே இருந்தது. யமத்தோ நாட்டு ஊடாவில் மூலிகைத் தோட்டம் அமைத்த மொரினோ குடும்பத்தார், 18ஆம் நூற்றாண்டில் இம்மாவை ஆக்கி ஷோகுன் அரசுக்கு அளித்து வந்தனர்.

1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் ஹொக்கைடோவில் உருளைக்கிழங்குச் சாகுபடி பெருகியது. மலிவான அம்மாவு பழைய மாவின் இடத்தையும் பெயரையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. சுவையான செய்தி ஒன்று: உருளைக்கிழங்கைச் சப்பானியர் 'ஜகாயிமோ' என்பர். டச்சுக் கப்பல்கள் நம் அண்டைநகராம் ஜகார்த்தாவிலிருந்து கொண்டுவந்த கிழங்கு என்பதே அப்பெயரின் அடிப்படை.

மாணவர்க்கு இதனை விளக்க 'எண்ணெய்' எனும் சொல் ஒன்றே போதும். எள்ளின் நெய் என்று பிறந்த சொல், இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என எங்கும் பரவிவிட்டது. ஆனால் எள் நம் கையை விட்டுப் போகவில்லை. கத்தக்குரியின் நிலை அவ்வாறன்று.

மாவுக்காகத் தோண்டுவது நின்றபின் செடி பெருகியிருக்க வேண்டுமல்லவா? பல இடங்களில் குறைந்தே போனது. விறகுக்கும் கரிக்கும் ஊரார் முறைவைத்து வெட்டிவந்த காடுகளில்தான் இதற்கு வேண்டிய வெயில் கிடைத்தது. 1950களுக்குப் பின் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. காட்டுக்குச் செல்வார் இலர். சிறுமூங்கிற் புதர்களும் பசுமைமாறா மரங்களும் அடர்ந்து தரையை இருளாக்கின. போதாக்குறைக்கு, அழகுக்காக வேரோடு பறித்துச் செல்வோரும் உளர். ஒரு செடி போனால், அதன் இடத்தில் விதையிலிருந்து மறுபூ வர ஏழெட்டு ஆண்டுகள்!

இப்போது பல ஊர்களில் தன்னார்வலர்கள் புதர்களை வெட்டி, காட்டின் தரைக்கு மீண்டும் வெயிலைக் கொண்டுவருகின்றனர். யக்காமோச்சி ஆளுநராக இருந்த ஊர் இன்றைய தக்காவோக்கா நகரில் அடங்கியுள்ளது. அந்நகரின் மலர் கத்தக்குரியே.