நடுகல்: புதுக்கோட்டை வட்டாரத்தின் போர் நினைவுச் சின்னம்

நடுகல் என்பது போர்க்களத்திலோ, ஆநிரை கவர்தலிலோ, கவர்ந்த நிரையை மீட்டலிலோ, ஊர் காத்தலிலோ உயிர் துறந்த வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்து, அவன் வீழ்ந்த இடத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ நாட்டி வழிபடப்பெறும் நினைவுக்கல் ஆகும். இது வீரக்கல் எனவும் வழங்கும். மேலைநாட்டு நகரங்களில் போர்நினைவுத் தூண்கள் எழும்புவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, மடிந்தவனைத் தனியொருவனாக மதித்து, அவன் பெயரைக் கல்லிலே நிறுத்திய இம்மரபின் மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைத்துள்ளது.

தோற்றம்

சித்தன்னவாசல், கொடும்பாளூர், அன்னவாசல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பரப்பில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. இறந்தோர்க்குக் கல் எடுக்கும் அப்பழைய வழக்கமே, காலப்போக்கில் எழுத்தறிவோடும் வீரவழிபாட்டோடும் கலந்து, நடுகல்லாக மலர்ந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் இதனை ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையோடு சேர்த்து ஆறு நிலைகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி; அதனைக் கொள்ளுதற்குரிய நாள் பார்த்துத் தொடங்குவது கால்கோள்; நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை; நிலத்தில் நிறுத்துவது நடுதல்; சிறப்புச் செய்து படையலிடுவது பெரும்படை; மாண்ட வீரனின் புகழ் பாடுவது வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கண்ணகிக்கு இமயத்துக் கல் கொணர்ந்த வரலாற்றைச் சொல்லுமிடத்துக் காதைகளுக்கு இப்பெயர்களையே பெரும்பாலும் சூட்டியிருப்பதிலிருந்து, போர்வீரனுக்குரிய சடங்கு பின்னர்ப் பத்தினித் தெய்வத்திற்கும் உரியதாயிற்று என்பது தெளிவாகும். புறநானூற்றுப் பாடல்கள் மயிற்பீலி சூட்டப்பெற்று, கள் படைக்கப்பெற்று நின்ற கற்களைக் குறிக்கின்றன. அதியமானுக்கு எடுத்த கல்லைக் கண்டு ஒளவையார் வருந்திய பாடலும் அவற்றுள் ஒன்று.

பொற்பனைக்கோட்டைக் கல்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே, அகழியும் மதிலும் சூழ்ந்த பழங்கோட்டையின் எச்சங்களோடு விளங்கும் பொற்பனைக்கோட்டையில், தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்தது. கணங்குமரன் என்னும் வீரனுக்கு எடுத்த இக்கல் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகும். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்களைப் போலவே இதிலும் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. சங்கப் பாடல்கள் பெயர் பொறித்த கற்களைச் சொல்லும் முறைக்கு இது முற்றிலும் பொருந்துவதால், அப்பாடல்கள் கற்பனையல்ல, கண்கூடான வழக்கத்தைப் பாடியவை என்பதற்கு இக்கல்லினும் வலிய சான்று வேண்டுவதில்லை. இக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின.

அமைப்பும் வகையும்

பல்லவர் காலந்தொட்டு நடுகற்களில் புடைப்புருவம் இடம்பெறலாயிற்று. பெரும்பாலும் ஒற்றைப் பலகைக்கல்லில், வில்லோ வாளோ கேடயமோ ஏந்தி, பாய்ந்து தாக்கும் நிலையில் வீரன் காட்டப்பெறுவான். உடலில் தைத்த அம்புகளும், காலருகே கெண்டி, சிமிழ் முதலியனவும் செதுக்கப்பெறும். அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், நிகழ்ந்த பூசல், அவன் பட்ட செய்தி என்னும் வரிசையில் எழுத்து அமையும். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் நூல் வட்டெழுத்து நடுகற்களை விரிவாகத் தொகுத்துரைக்கிறது.

நிகழ்ச்சி பற்றி இவை பலவாகப் பகுக்கப்படும். ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மடிந்தோர்க்குரியவை முதல் வகை. புலியோடு பொருது மடிந்தோர்க்குரிய புலிக்குத்திக் கற்களும், பன்றியோடு பொருதோர்க்குரியனவும் இரண்டாம் வகை. கொற்றவைக்குத் தன்னுடலைத் தானே அரிந்து பலியிட்டோரைக் காட்டும் நவகண்டச் சிற்பங்கள் மூன்றாம் வகை. கணவனோடு உயிர்விட்ட மனைவியைக் காட்டும் சதிக்கற்களையும் இவற்றோடு சேர்த்தெண்ணுவர். மாண்டவன் குடும்பத்திற்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்னும் பெயர்களில் நிலம் அளிக்கப்பெற்ற செய்தி, கல்லை நாட்டியதோடு கடமை முடிந்ததென நம் முன்னோர் கருதவில்லை என்பதை உணர்த்துகிறது.

அரச மரபின் நினைவுகள்

இவ்வட்டாரத்துக் கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் மரபினர் தம் போர்ப் புகழை வேறு வகையில் நிறுத்தினர். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, வாதாபியை வென்றவன் உள்ளிட்ட தன் முன்னோரின் வெற்றிகளை நிரல்படக் கூறுகிறது. அம்மரபினனான பராந்தகன் சிறிய வேளான் சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் பட்ட செய்தியும் கல்வெட்டால் அறியப்படுகிறது. பின்னர் அரையர்கள் பாடிகாவல் உரிமை பெற்று ஊர்களைக் காத்துவந்த நூற்றாண்டுகளில், ஊர்ப்பூசலும் அதில் உயிரீகமும் இந்நிலத்தில் தொடர்ந்தன. கோயிலும் கல்வெட்டும் எடுக்கும் வளம் வேந்தர்க்கும் வேளிர்க்கும் வாய்த்தது. ஆநிரைக்காக மாண்டவனுக்கு வாய்த்தது ஒரு பலகைக்கல். ஆயினும் நாள்தோறும் பூவும் படையலும் பெற்றுத் தெய்வமாக நின்றவன் பின்னவனே.

பிற்காலமும் இன்றைய நிலையும்

போரில் மடிந்தோரை நினைவுகூரும் வழக்கம் பிற்காலத்தில் வேறு வடிவிலும் தொடர்ந்தது. முதல் உலகப்போரின் வெற்றியை நினைவுகூர்ந்து சென்னையில் கோட்டைக்கு அருகே எழுந்த வட்டவடிவப் போர்நினைவிடம் பின்னர் இந்தியா ஈடுபட்ட போர்களில் மடிந்தோரையும் தன்னுள் கொண்டது. புதுக்கோட்டைத் தனியரசு 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; 1974 ஜனவரி 14ஆம் நாள் இவ்வட்டாரம் தனி மாவட்டமாயிற்று. தனியரசுக் காலத்திலேயே, 1929ஆம் ஆண்டில், இப்பகுதிக் கல்வெட்டுகளின் தொகுப்பு நூல் வெளியாயிற்று. 1910இல் நிறுவப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகம் இன்றும் இயங்கிவருகிறது. ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் புதைந்து கிடக்கும் கற்களைப் பெயர்த்து வேறு பணிக்குப் பயன்படுத்தாமல், கண்டவர் உடனே வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே அவ்வீரர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறாகும்.