யாருக்கும் வேண்டாத வெள்ளைத் தூள்

செம்பு உருக்கும் ஆலைக்காரர்களுக்கு ஆர்சனிக் மேல் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. அவர்கள் கேட்டது செம்பு. தாதுவோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது ஆர்சனிக். தாதுவை உலையில் வறுத்தால் செம்பு கீழே தங்கும். ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து புகையாகி மேலே ஏறும். அதை அப்படியே வெளியே விட்டால் சுற்றுவட்டாரத்து மாடும் குதிரையும் சாகும், விவசாயிகள் கோர்ட்டுக்குப் போவார்கள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், அனகோண்டா உருக்காலையைச் சுற்றி நடந்தது அதுதான்.

எனவே புகையை நீளமான செங்கல் அறைகள் வழியே வளைத்து வளைத்து விட்டுக் குளிரவைத்தார்கள். குளிர்ந்த புகை சுவரிலும் தரையிலும் வெள்ளையாகப் படியும். சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று காலங்காலமாக அறிந்த சரக்கு இது. வாசனை இல்லை, ருசி இல்லை, பார்வைக்கு அரிசி மாவு. வளர்ந்த ஆள் ஒருவரைக் கொல்ல 100 முதல் 200 மில்லிகிராம் போதும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இந்த அறைகளுக்குள் இறங்கிச் சுரண்டிய கூலியாட்கள் மூக்குத் துவாரத்திலும் காதிலும் பஞ்சை அடைத்து, வாயைத் துணியால் கட்டி, முகத்தில் களிமண்ணைப் பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். பாதுகாப்புச் சாதனம் என்று அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான்.

சுரண்டி எடுத்தாயிற்று. யாரிடம் விற்பது? கொஞ்சம் எலி மருந்துக்குப் போனது, கொஞ்சம் பச்சைச் சாயத்துக்கு. அமெரிக்காவில் பருத்தியைத் தின்னும் காய்வண்டுதான் அதைப் பெருவாரியாக வாங்க வைத்தது. கால்சியம் ஆர்சனேட்டாக மாறிய உருக்காலைத் தூசி தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் தூவப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி பூச்சிமருந்து வந்து அந்தச் சந்தையைப் பறித்துக்கொண்டது. உருக்காலைகளோ நிற்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் இருந்த ஆலை 1980களின் நடுப்பகுதி வரை ஆர்சனிக் எடுத்துக்கொண்டே இருந்தது. ஸ்வீடனில் பூலிடன் சுரங்கத்துக்காரர்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. தங்கமும் செம்பும் நிறைந்த தாதுதான், ஆனால் ஆர்சனிக் அளவுக்கு மீறி இருந்தது. 1930இல் உருக்காலை தொடங்கியதிலிருந்து மலையாகக் குவிந்த தூளைக் கட்டி வைக்க இடம் தேடியவர்கள், அதற்கொரு உபயோகத்தையும் தேடினார்கள். பூச்சி அரிக்காமலிருக்க மரத்தில் ஏற்றலாமே என்ற யோசனைக்கு அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த யோசனையை உருப்படியான தொழில்நுட்பமாக மாற்றியவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசம். கரையானும் மழையும் சேர்ந்து ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளையும் தந்திக் கம்பங்களையும் தின்றுகொண்டிருந்த நாடு இது. விஷத்தை மரத்தில் ஏற்றுவது பெரிய காரியமில்லை; முதல் மழையில் கரைந்து போகாமல் அதை மரத்துக்குள் பிடித்து வைப்பதுதான் காரியம். 1933இல் காமேசம் கண்டுபிடித்தது அதைத்தான். செம்பு பூஞ்சையைக் கொல்லும். செம்புக்கு அசராத பூஞ்சையையும் கரையானையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் மரத்தோடு பூட்டுவது குரோமியத்தின் வேலை. மரத்துக்குள் போன குரோமியம் மரச்சத்தோடு வினைபுரிந்து நிலை மாறும்போது, மற்ற இரண்டையும் கரையாத உப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கலவைக்கு ஆஸ்கு என்று வணிகப்பெயர். பிற்பாடு உலகம் முழுக்க சிசிஏ என்ற மூன்றெழுத்தில் புழங்கியது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இந்திய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கிளம்பி, உலகத்தின் கொல்லைப்புறம் வரை போய்ச் சேர்ந்த கண்டுபிடிப்புகள் அதிகமில்லை. இதைப் பற்றி நாம் ஏனோ பெருமை பேசுவதில்லை. பேசாமல் இருந்ததும் நல்லதுக்குத்தான் போலிருக்கிறது.

காமேசத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 5 வருடத்தில் மண்ணாகிப் போகும் பைன் கட்டை பல பத்தாண்டுகள் நின்றது என்றால், அத்தனை மரங்கள் வெட்டுப்படாமல் காட்டிலேயே நின்றன என்று அர்த்தம். மரத்துக்குள் பூட்டியது ஓரளவு பூட்டியபடியேதான் இருந்தது. சிக்கல் பூட்டுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்.

ஒரு மரப் பதனிடும் ஆலையில் என்ன நடக்கும்? தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் பலகைகளை அடுக்கி, படுக்கவைத்த நீண்ட இரும்பு சிலிண்டருக்குள் தள்ளி, கதவைத் திருகி மூடுவார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள்; மரத்தின் நுண்துளைகள் காலியாகும். பிறகு கரைசலை விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். காலியான துளைகளுக்குள் விஷம் புகும். கதவைத் திறந்தால் பலகைகள் பச்சை பூத்து, சொட்டச் சொட்ட வெளியே வரும். குரோமியம் தன் வேலையை முடிக்க நேரம் பிடிக்கும். அதுவரை வண்டி முற்றத்தில் நிற்கும், சொட்டிக்கொண்டே நிற்கும். அந்தக் காலத்து ஆலைகள் பலவற்றில் முற்றத்துக்குச் சிமெண்ட் தளம்கூடக் கிடையாது. வெறும் மண்.

மத்திய ஃபுளோரிடாவில் அப்படியொரு சின்ன ஆலை 1950களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்து 1962இல் மூடிவிட்டது. சுமார் பத்து வருடச் சொட்டுகளை வாங்கிக்கொண்ட இடம் புதர் மண்டிக் கிடந்தது. ஃபுளோரிடா மண் பெரும்பாலும் மணல். ஆர்சனிக்கைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் இரும்புச் சத்து அதில் குறைவு. அதனால் ஒரு பங்கு மேல்மண்ணிலேயே தங்கும், இன்னொரு பங்கு மழையோடு மெல்ல இறங்கும். அந்தத் தளத்தின் மண்ணைப் பரிசோதித்தபோது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவான ஆர்சனிக் இருந்த இடமும் உண்டு, 1,600 மில்லிகிராமைத் தொட்ட இடமும் உண்டு. வண்டி நின்ற இடம் எது, தொட்டி நிரம்பி வழிந்த இடம் எது என்று கடைசித் தொழிலாளி போய்ப் பல காலம் ஆன பிறகும் மண் கணக்கு வைத்திருந்தது.

இப்படிப்பட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய வழக்கமான வழி ஒன்று உண்டு. பொக்லைன் வைத்துத் தோண்டி, லாரியில் ஏற்றி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட புதைகிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுவது. தோண்ட முடியாத அளவுக்கு ஆழமென்றால் சிமெண்ட் கலந்து இறுக்குவது, மேலே களிமண் மூடி போடுவது, நிலத்தடி நீரை இறைத்து இரும்பு உப்பு போட்டு வடிப்பது. எல்லாம் பலன் தரும்; எல்லாம் பணம் தின்னும். பூச்சிமருந்தில் பெரும்பாலானவற்றை நுண்ணுயிர்கள் நாளடைவில் உடைத்துவிடும், எரித்தாலும் போய்விடும். ஆர்சனிக் தனிமம். உடைக்க அதில் ஒன்றுமில்லை. எந்தப் பொறியாளர் வந்தாலும் அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம், நகராதபடி கட்டிப்போடலாம். அழிக்க முடியாது. இதைத்தான் துப்புரவு என்கிறோம். டெண்டர் அறிக்கைகள் இதை ஒருபோதும் இப்படிச் சொல்வதில்லை.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து மண்ணியல் பேராசிரியர் லீனா மா வேறொரு வழி இருக்குமா என்று பார்த்தார். அவரது குழு அந்தக் கைவிடப்பட்ட தளத்தில் நடந்து, தானாக முளைத்துக் கிடந்த 14 வகைச் செடிகளின் இலைகளைக் கிள்ளி எடுத்துவந்து சோதித்தது. ஒன்றைத் தவிர மற்றதில் சொல்லும்படி எதுவுமில்லை. அந்த ஒன்று ஒரு பெரணி, டெரிஸ் விட்டாட்டா. அதன் இலையில் கிலோவுக்கு 3,280 முதல் 4,980 மில்லிகிராம் ஆர்சனிக். ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே 1,500 மில்லிகிராம் கலந்த மண்ணில் வளர்த்தபோது ஆறு வாரத்தில் 22,630. இலையின் உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் பாஷாணம். செடியோ பச்சைப்பசேலென்று நின்றது. 2001 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரே பக்கத்தில் செய்தி வந்தது.

இந்தப் பெரணியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், பெயர் கேட்டதில்லை. பழைய கிணற்றின் உட்சுவரில், சுண்ணாம்புக் காரை உதிரும் மதிலில், பாலத்துக் கல் இடுக்கில் தொங்கும். நடுநரம்பின் இருபுறமும் ஏணிப்படி போல நீள நீளச் சிற்றிலைகள்; திருப்பிப் பார்த்தால் ஓரம் நெடுகப் பழுப்பு நிறத்தில் வித்துத்தூள் கோடு. சுண்ணாம்பு என்றால் உயிர். மற்ற பெரணிகள் பெரும்பாலும் நிழல் தேடும். இது வெயிலில் நிற்கும். ஆசியாவிலிருந்து போன செடி ஃபுளோரிடாவில் குடியேறியிருந்தது.

ஆர்சனிக் அதற்குள் நுழைவது பொய் வேஷத்தில். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவத்தில் இரட்டையர். பாஸ்பேட்டுக்கென்று வேர் திறந்து வைத்த வாசலில் ஆர்சனேட்டும் நுழைந்துவிடும். எல்லாச் செடிக்கும் இது நேர்வதுதான், அதனால்தான் மற்றவை அதை வேரிலேயே தடுக்கப் பார்க்கும், முடியாவிட்டால் வாடும். இந்தப் பெரணி தடுப்பதில்லை. வாங்கிய ஆர்சனேட்டை இன்னும் கொடிய ஆர்சனைட்டாக மாற்றி, தண்டு வழியே இலைக்கு ஏற்றி, உயிரணுவுக்குள் இருக்கும் நீர்ப்பையில் போட்டுப் பூட்டிவிடும். எதற்கு இத்தனை மெனக்கெட வேண்டும்? அதே பல்கலைக்கழகத்தின் பாலா ரத்தினசபாபதியும் சக ஆய்வாளர்களும் 2007இல் ஒரு பதிலை வெளியிட்டார்கள். வெட்டுக்கிளிகளிடம் இலைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆர்சனிக் ஏறிய இலைகளை அவை ஒதுக்கின. கரையான் அரிக்கக் கூடாதென்று டேராடூனில் மரத்துக்குள் ஏற்றிய அதே சரக்கை, வெட்டுக்கிளி கடிக்கக் கூடாதென்று செடி தனக்குத்தானே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நிஜப் பரீட்சை. சிசிஏ சொட்டிய தளத்தில் பாத்தி கட்டிப் பெரணி நட்டு இரண்டு வருடம் அறுவடை செய்தார்கள். மேல்மண்ணின் சராசரி ஆர்சனிக் கிலோவுக்கு 190 மில்லிகிராமிலிருந்து 140க்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வறிக்கையே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறது: மண் இடத்துக்கு இடம் அவ்வளவு மாறுபட்டதால், இந்த இறக்கத்தைப் புள்ளியியல்படி உறுதி செய்ய முடியவில்லை. கையில் பிடித்துக் காட்டக்கூடிய கணக்கு வேறு. அறுத்த இலைகளோடு மண்ணைவிட்டு வெளியேறிய ஆர்சனிக் மொத்தம் சுமார் 19.3 கிராம். ஃபுளோரிடாவில் குடியிருப்பு நிலத்துக்கான இலக்கு இப்போது கிலோவுக்கு 2.1 மில்லிகிராம். பெரணிக்கு இன்னும் எத்தனை தலைமுறை என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செடியைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. தோண்ட முடியாத இடங்கள் இருக்கின்றன. வாஷிங்டன் நகரின் ஸ்பிரிங் வேலி பகுதியில், முதல் உலகப் போர்க் காலத்து ரசாயன ஆயுதச் சோதனை விட்டுச்சென்ற ஆர்சனிக்கை எடுக்க, 2004 வாக்கில் சில வீட்டு முற்றங்களில் இதே பெரணியை நட்டார்கள். பொக்லைன் போனால் அங்கே பழைய மரங்களின் வேர் அறுந்துவிடும். லேசான மாசு, பொறுமை, தோண்ட மனமில்லாத நிலம்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் செடிக்கு வேலை இருக்கிறது. அங்கேயும் அறுத்த இலையை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி நிற்கும். எருவாக்க முடியாது, மாட்டுக்குப் போட முடியாது. எரித்தால் ஆர்சனிக் மறுபடியும் புகையாகும். அதைப் பிடிக்க மறுபடியும் ஒரு புகைபோக்கி அறை வேண்டும். கடைசியில் அதுவும் புதைகிடங்குக்குத்தான் போகிறது, எடை மட்டும் குறைந்து.

பெரணிச் செய்தி வந்த அடுத்த மாதமே ஃபுளோரிடாவில் வேறொரு செய்தி வெடித்தது. சிறுவர் பூங்காக்களின் ஊஞ்சல் கம்பத்துக்கும் ஏணிக்கும் அடியில் உள்ள மண்ணில் ஆர்சனிக் இருப்பதை ‘செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டது. பூங்காக்கள் பூட்டப்பட்டன. அதற்கு முன்பே அந்த மாநிலத்து ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள்: இடிபாட்டு மரத்தை அரைத்து, சிவப்புச் சாயம் பூசித் தோட்டத்துக்கு விற்கும் மரத்தூளில் சிசிஏ கலந்திருந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கா பயன்படுத்திய ஆர்சனிக்கில் சுமார் 90 சதவீதம் மரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2003 டிசம்பர் 31 முதல் வீட்டு உபயோக மரத்துக்கு சிசிஏ ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மின்கம்பத்துக்கும் கடலில் இறக்கும் தூணுக்கும் இன்றும் அனுமதி உண்டு. அதுவரை கட்டியவை அங்கங்கே நின்றுகொண்டிருக்கின்றன.

அமெரிக்கச் சட்டப்படி, ஆலை முற்றத்தில் மரத்திலிருந்து சொட்டும் கரைசல் அபாயக் கழிவு. அது விழுந்த மண்ணை அள்ள முகமூடி, பதிவேடு, உரிமம் பெற்ற லாரி எல்லாம் வேண்டும். அந்தக் கரைசலைக் குடித்துக் காய்ந்த பலகையை வீட்டுக்காரர் பிடுங்கி எறிந்தால் அது அபாயக் கழிவில் சேராது. தனி விலக்கு உண்டு. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வீடுகளைப் பிய்த்துப் போட்டபோது, குப்பையில் மரம் மட்டும் சுமார் 1.2 கோடி கன மீட்டர் இருந்தது. அதற்குள் இருந்த ஆர்சனிக் சுமார் 1,740 டன் என்று ஃபுளோரிடா ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கட்டட இடிபாடு என்ற கணக்கில் அது அடியில் விரிப்புகூட இல்லாத குழிகளுக்குப் போனது.