செவிலிய மாணவியரும் காசநோய்த் தடுப்பூசியும்

செவிலியர் பள்ளியில் சேர்வோர் தடுப்பூசிச் சான்றும் உடற்பரிசோதனைச் சான்றும் தரவேண்டும். இவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று காசநோய் வரலாற்றில் உள்ளது.

1924இல் ஓஸ்லோவின் உல்லெவோல் மருத்துவமனையில் மருத்துவர் ஹைம்பெக், புதிதாகச் சேர்ந்த மாணவியருக்கு டியூபர்குலின் சோதனை செய்யத் தொடங்கினார். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் முன்தொற்றின் அடையாளம் இல்லை. பயிற்சிக் காலத்தில் காசநோய்க்கு மிகுதியாக ஆளானோர் அவர்களே. அத்தகையோருக்குப் பின்னர் அவர் பி.சி.ஜி. தடுப்பூசி வழங்கினார்.

இந்தியாவில் 1948இல் அத்தடுப்பூசி முதலில் சோதனை முறையில் இடப்பட்ட ஊர்களுள் ஒன்று, நகரி அடங்கிய அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி. அதனருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை 1915 முதல் இயங்கிவந்தது.

நோயாளரிடையே பணிபுரிய அழைக்கப்படும் மாணவியைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. பரிசோதனைச் செலவும் தடுப்பூசிச் செலவும் மாணவியர்மேல் சுமத்தப்படும் இடங்களில் அக்கடமை மறக்கப்படுகிறது.