கட்டுமரமும் கெட்டமரானும்: கவிழாத படகின் வரலாறு



ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து கிழக்கே நடந்து பாருங்க. சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சாலையில், 1801-இல் காதர் மைதீன் மரைக்காயர் தலைமையில் பள்ளிவாசல் உருவானது. அவரே முதல் கப்பித்தான் கெலிங். 1790-களில் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி இங்கு வந்து போவதாக பிரான்சிஸ் லைட் எழுதினார். 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல்வழி! அந்தக் கப்பல்கள் கவிழாமல் வந்ததால்தான் இந்தச் சாலைக்கே ஒரு வரலாறு கிடைத்தது.

கப்பல் ஏன் கவிழவில்லை? ஆரம்பப் பள்ளி அறிவியலில் ‘நிலைத்தன்மை’ படித்திருப்பீங்க. உயரம் குறைந்து அடிப்பரப்பு கூடினால் பொருள் எளிதில் சாயாது. தண்ணீரிலும் ஏறக்குறைய அதே கதைதான். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது. அங்கே மிதப்புவிசை கூடி, படகை நிமிர்த்துகிறது. அகலம் கூடினால் இந்த நிமிர்த்தும் விசையும் கூடும். பாரம் உயரத்தில் இருந்தால் நிமிர்வது கடினம். அதனால்தான் பாய்மரக் கப்பலின் அடியில் கல்லையோ மணலையோ கனமான சரக்கையோ வைத்தார்கள். சுவீடனின் வாசா போர்க்கப்பல் 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதல் பயணத்திலேயே, ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் மூழ்கியது. மேலே பாரம் அதிகம், அடியில் போதாது.

நாம் செய்யும் ஒரு தவறு

இப்போது கவனமாகப் படிங்க. “இரட்டை உடல் கொண்ட கெட்டமரான் படகைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள்” என்று கட்டுரைகளில் எழுதுகிறோம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரியல்ல.

கட்டுமரம் என்பது கட்டிய மரம். இலேசான மரத்துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். அதற்கு இரண்டு உடல் கிடையாது, உள்கூடும் கிடையாது. அலை மேலே ஏறினால் மர இடுக்கு வழியே வடிந்துவிடும். தண்ணீர் நிரம்பி மூழ்க வழியே இல்லை. கவிழ்ந்தாலும் மீனவர் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அலை உடையும் கரையில் இதைவிடப் பொருத்தமான கலம் எது, சொல்லுங்க?

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயணநூலில் இந்தக் கலத்தைப் பெயரோடு குறிப்பிட்டார். சொல் அப்படி ஆங்கிலத்துக்குள் பரவியது. இரண்டு உடலை இணைத்துப் பெருங்கடல் கடந்தவர்களோ பசிபிக் தீவுகளின் பொலினீசிய மக்கள். 1876-இல் நியூயார்க் பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃப் தம் இரட்டை உடல் படகான அமரிலிசை ஓட்டி மற்றவர்களை வென்றார். எதிர்ப்பு எழுந்ததால் அவருக்குப் பரிசு மறுக்கப்பட்டது. அவ்வகைப் படகுக்குத்தான் கெட்டமரான் என்ற பெயர் நிலைத்தது. ஆக, பெயர் நம்முடையது. இரட்டை உடல் அவர்களுடையது. கட்டுமரத்தின் உண்மையான அறிவு அதற்குள்ளேயே இருக்கிறது. பிறர் அறிவை இரவல் வாங்கி அதற்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

வேகம் வந்ததும் புதுச் சிக்கல்

1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ரிமோட் படகுகளின் முன்னோடி அதுதான்.

உங்கள் மாணவர் ஒருவர் பந்தய ரிமோட் படகு கொண்டுவந்தால் கவனித்துப் பாருங்க. அது இரட்டை உடல் கொண்டதாக இருக்கலாம். வேகம் கூடியதும் படகு நீரைக் கிழித்துப் போவதை விட்டு, நீரின் மேல் சறுக்கும். தொடும் பரப்பு குறைகிறது. அகலமாக அமைந்த இரண்டு உடல்களும் பக்கச் சாய்வைத் தடுக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே புகும் காற்று மூக்கைத் தூக்கும். பேட்டரியை அளவுக்கு மீறிப் பின்னால் வைத்தால் படகு எழும்பிப் புரண்டுவிடும்; முன்னால் வைத்தால் மூக்கு நீரில் குத்தும். அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலும் ஓட்டத்தில் மாற்றம் தெரியும். திருப்பத்தில் வழுக்காமல் இருக்கப் பின்புறம் ஒரு தகடு பொருத்துவார்கள்.

இது விளையாட்டுப் படகுக்கு மட்டுமல்ல. 1967 ஜனவரி 4-ஆம் நாள் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பலின் புளூபேர்ட் படகு மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மூக்கு எழும்பிப் புரண்டது. அவர் உயிரிழந்தார்.

இரட்டை உடலுக்கு இன்னொரு குறையும் உண்டு. எளிதில் சாயாது, ஆனால் முழுதாகக் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவே அசையாமல் நிற்கும். இதனால் சில ஒற்றை உடல் ரிமோட் படகுகளில் ஒரு பக்கம் மட்டும் நீர் புகும் அறை வைக்கிறார்கள். கவிழ்ந்ததும் அந்த அறை நிரம்பி, பாரம் ஒரு பக்கம் இழுத்து, படகு தானே நிமிர்ந்துகொள்ளும். தண்ணீரை வெளியே தள்ளிய கட்டுமரமும், தண்ணீரை உள்ளே அழைக்கும் இந்தப் படகும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்: கவிழ்ந்த பிறகு என்ன செய்வது?

தேர்வுக்கு நினைவில் வையுங்க

1. நிலைத்தன்மைக்கு மூன்று: போதிய அகலம், தாழ்ந்த பாரம், முன்பின் சமநிலை.
2. சொல்லின் பிறப்பிடமும் பொருளின் பிறப்பிடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.
3. 1628 வாசா, 1697 டாம்பியர், 1801 பள்ளிவாசல், 1876 அமரிலிஸ், 1898 டெஸ்லா.

உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி: கட்டுமரம் ‘மூழ்காத’ கலம், கெட்டமரான் ‘எளிதில் சாயாத’ கலம். இரண்டும் ஒன்றா? காரணத்துடன் விளக்குக.

வகுப்பில் ஒரு வாளித் தண்ணீர், நான்கு ஐஸ்கிரீம் குச்சி, கொஞ்சம் நூல் போதும். கட்டிப் பார்த்துவிட்டு மாணவர்களையே விடை எழுதச் சொல்லுங்க.